சிப்பிப்பாறைக்கும் சிப்பா?

கேள்வி: நாய்க்குச் சிப் போடுவது என்றால் என்ன? கழுத்துக்குள் ஒரு செல்போனை வைத்துத் தைப்பதா?

பதில்: தையல் கிடையாது, ஊசிதான். 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள சிறு கண்ணாடிக் குப்பி, நெல்மணியைவிடச் சற்று நீளமானது, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டும் பதிந்திருக்கும். சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் நாயின் உடம்பில் இல்லை, பதிவேட்டில்தான் இருக்கும். காணாமல் போன நாய் கிடைக்கும்போது படிக்கும் கருவியைக் காட்டினால் எண் வரும். நாய் எந்தக் கண்மாய்க்கரையில் திரிகிறது என்பதைச் சிப் சொல்லாது.

கேள்வி: செல்போன் டவருக்கு அடியில் படுத்த மாதிரி நாள் முழுக்க அலை அடிக்காதா?

பதில்: அடிக்காது. சிப்பில் பேட்டரியே இல்லை. படிக்கும் கருவி அருகில் வரும்போது, அது அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்து சக்தி பெற்று எண்ணைத் திருப்பி அனுப்பும். மற்ற நேரமெல்லாம் வெறும் கண்ணாடித் துண்டு.

கேள்வி: சிப் வைத்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே. கிளப்பிவிட்ட கதையா, உண்மையா?

பதில்: கதைக்கு அடியில் உண்மை இருக்கிறது. ஜெர்மனியில் 1997-இல் வெளியான ஆய்வில், சிப் வைத்த 4,279 சுண்டெலிகளில் 36-க்கு, அதாவது 0.8 சதவீதத்துக்கு, சிப் இருந்த இடத்தில் கட்டி வந்தது. 1999-இல் வந்த இன்னோர் ஆய்வில் 10 சதவீதம். ஆனால் இந்த இரண்டாம் ஆய்வின் சுண்டெலிகள், புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று நீக்கப்பட்டவை. நோய் எளிதில் வர வேண்டும் என்றே உருவாக்கப்பட்டவை. பொதுவாகவே எலி இனத்தின் உடம்பு, தோலடியில் எந்த அந்நியப் பொருள் நெடுநாள் கிடந்தாலும் கட்டி வளர்க்கக்கூடியது. அதன் சிற்றுடம்புக்கு இந்தக் குப்பி மிகப் பெரிய சுமையும்கூட.

நாய், பூனையிலும் நேர்ந்ததுண்டு. இத்தாலிய மருத்துவர்கள் 2004-லும் 2006-லும் நாய்களில் அத்தகைய கட்டிகளைப் பதிவு செய்தார்கள். பிந்தைய நாயில் கட்டிக்குக் காரணம் சிப்பா, தடுப்பூசியா என்பதே சந்தேகமாக இருந்தது. இரண்டும் பிடரிப் பகுதியிலேயே போடப்படுவதால் வந்த குழப்பம் அது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பிராணிகளுக்குச் சிப் போடப்பட்ட பிறகும் இத்தகைய பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. அபாயம் அறவே இல்லை என்பதும் தவறு, அதற்காகச் சிப்பே வேண்டாம் என்பதும் தவறு. தடுப்பூசியை வேறு இடத்தில் போடுவதும், சிப் இருக்கும் இடத்தை அவ்வப்போது தடவிப் பார்ப்பதும் போதும். அங்கே வளரும் கட்டி தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது?

பதில்: பயம் சிப் மேல் வேண்டாம், கவனம் போடும் கையின் மேல் வேண்டும். பிரிட்டனில் 2014 ஏப்ரல் முதல் 2015 டிசம்பர் வரை அரசுக்கு வந்த புகார்கள் 1,420. அவற்றில் 729, சிப் இடம் நகர்ந்தது பற்றியவை. 630, சிப் வேலை செய்யாதது பற்றியவை. உடம்பில் ஏற்பட்ட பாதிப்பு என்று வந்தவை 61 மட்டுமே. நகர்ந்த சிப் பெரும்பாலும் தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கி நிற்கும். அதனால் வலி அரிது, ஆனால் பிடரியை மட்டும் தேடுகிறவர் "சிப் இல்லை" என்று சொல்லிவிடுவார்.

உண்மையில் கொடியது கைத்தவறுதான். ஆழமாகவோ சாய்வாகவோ குத்தி, சிப் முதுகெலும்புக்குள் போய் நடக்க முடியாமல் போன பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. திமிறும் குட்டியை ஒருவர் இறுகப் பிடிக்க, தோலை மேலே தூக்கி ஊசி செலுத்தத் தெரிந்த மருத்துவர்தான் போட வேண்டும். விலை மலிவு என்று வாங்கிவந்து வீட்டிலேயே குத்திப் பார்ப்பது நாய்க்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: எங்கள் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள்தான். தோலும் எலும்புமான நாய்க்கு இந்த ஊசி தாங்குமா?

பதில்: தாங்கும். வேட்டை நாய்களுக்குத் தோல் மெல்லிசு, கொழுப்பு குறைவு. அதனால் சிப் விரலுக்குத் தட்டுப்படலாம், அது நோயல்ல. ஊசி தடிமனானது என்பதால் ஒரு துளி ரத்தமும் இரண்டொரு நாள் வீக்கமும் வரக்கூடும். வீக்கம் குறையாமல் சூடாகிச் சீழ் வைத்தால் மருத்துவம் தேவை. விருதுநகர்ப் பக்கம் பாலவனத்தம் தொடங்கித் திருச்சுழி வரை சீமைக்கருவேலங்காடு. ஆட்டுக்கிடைக்குப் போய்வரும் நாயின் மேல் தெரியும் புண்ணும் கட்டியும் முள் குத்தி வந்தவையாக இருக்கலாம். சிப்பைக் குற்றம் சொல்லுமுன் முள்ளைத் தேட வேண்டும்.

கேள்வி: மாட்டுக்குப் போடும் காதுவில்லையை நாய்க்கும் போட்டால் என்ன?

பதில்: மாட்டுக்கு 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை சரி. புதருக்குள் பாயும் நாயின் மெல்லிய காது முள்ளில் மாட்டிக் கிழிந்துவிடும்.

கேள்வி: சிப் போட்டாச்சு. இனி வெறிநோய் ஊசி எதற்கு?

பதில்: சிப் மருந்தல்ல. 2025-இல் வீட்டு நாய்களுக்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கி, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த சென்னை மாநகராட்சியும் உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறது. அந்த விதி கரிசல் கிராமத்தைக் கட்டாது என்றாலும் வெறிநோய்க்கு ஊர் எல்லை கிடையாது. அறிகுறி தெரிந்தபின் அந்த நோயிலிருந்து மனிதரோ நாயோ பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கையில் ஒரு செலவுக்குத்தான் பணம் என்றால் முதலில் தடுப்பூசி. சிப் போடுகிறவர்கள், மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: பிரிக்காத புது ஊசி, போடுவதற்கு முன்னும் பின்னும் கருவியில் எண்ணைப் படித்துக் காட்டுவது, அந்த எண்ணைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தருவது. செல்போன் எண் மாறினால் பதிவேட்டிலும் உடனே மாற்றிவிடுங்கள்.