சிஸ்டம் சாருக்கு எல்லாரும் நம்பர்தான்

வண்டலூர் மேம்பாலத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் மேனேஜர் மாறுவார், டீக்கடைக் கணக்கு மாறும், சிஸ்டம் சார் மட்டும் மாறமாட்டார். வயது 26 என்றாலும் அவர் சார்தான். பிரிண்டர் அவர் பேச்சை மட்டும் கேட்பதால் வந்த மரியாதை அது. மனிதர்களை அவர் ஐபி முகவரியின் கடைசி எண்ணால் அறிவார். "45 இன்னிக்கு லீவா?" என்று கேட்டால் அக்கவுண்ட்ஸ் மேடம் வரவில்லை என்று பொருள். இந்த மனிதரிடம் போய், ஆபீஸின் ஐபி எண்களை மொத்தமாக மாற்று என்று சொல்லிப் பாருங்கள். இயர் எண்டிங் முடியட்டும் என்பார், பிறகு ஆடிட், பிறகு ஆயுத பூஜை. இதைச் சோம்பல் என்று மேனேஜர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது தன் கையெழுத்தைக் கண்டே ஒருவர் நடுங்கும் நடுக்கம்.

மாற்ற வேண்டிய அவசியம் என்னவோ நியாயமானது. கிண்டித் தலைமை அலுவலகத்திலும் 192.168.1, வண்டலூர்க் கிளையிலும் 192.168.1, இரண்டு ரவுட்டர்களும் பெட்டியில் வந்த எண்ணோடே குடித்தனம் நடத்துகின்றன. இரண்டையும் விபிஎன் போட்டு இணைத்ததும், கிண்டியில் இருக்கும் 20-ஐத் தேடுகிற கணினி பக்கத்து மேஜை 20-இடம் போய் நிற்கிறது. தனிப்பட்ட வலைகளுக்கென்று எண்களை ஒதுக்கிய இணையப் பொறியாளர்களின் ஆவணம் 1996 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதில் 10-இல் தொடங்குபவை மட்டுமே 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். இவ்வளவு பொட்டல் காலியாகக் கிடக்க, எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே கடை போட்டிருக்கிறார்கள். அதே மாதத்தில் இன்னோர் ஆவணமும் வந்தது: எண் மாற்றுவது பெரும்பாடு, ஆகவே எங்கும் எண்ணை எழுதாமல் பெயரை எழுதுங்கள் என்று. சிஸ்டம் சார் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எண்ணைத்தான் எழுதுகிறார்.

ரவுட்டரில் ஒரே இடத்தில் மாற்றினால் டிஎச்சிபி எல்லாருக்கும் புது எண்ணைக் கொடுத்துவிடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். லேப்டாப்புகளுக்குக் கொடுக்கும். கைரேகை வருகைப்பதிவு மெஷினுக்கு? அதில் எண்ணைக் கையால் அடித்து வைத்தவர் அவரே. அதைத் தேடிவரும் சாஃப்ட்வேரிலும் அடித்தவர் அவரே. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், விரல் வைத்தவருக்கு மெஷின் தினமும் நன்றி சொல்லும், மாதக் கடைசியில் ஆபீஸே ஆப்சென்ட். சிசிடிவி, டேலி, ஸ்கேன் போகும் ஃபோல்டர் என்று பட்டியல் நீளும். 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் திறக்கப்பட்டபோது, சிங்கத்தின் கழுத்தில் சென்ட்ரல் பக்கத்துப் பழைய விலாசத்தை யாரும் எழுதித் தொங்கவிடவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்கு இவர் தொங்கவிட்டிருக்கிறார்.

ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. எல்லா பஸ்ஸும் ஒரே ராத்திரியில் அங்கே இடம் மாறவில்லை: அரசு விரைவுப் பேருந்துகள் முதலில் வந்தன, மற்றவை பின்னால் வந்தன, ஆம்னி பஸ்காரர்கள் தகராறு செய்தார்கள். ரவுட்டருக்கும் அதே வழி உண்டு: பழைய எண், புதிய எண் இரண்டையும் சில வாரம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இடம் மாற்றலாம். சிஸ்டம் சார் கடைசியில் இதைத்தான் செய்வார், ஆனால் தன் யோசனை என்பார். மயிலாப்பூர் வீட்டு வாசல் போல பிரிண்டர் நெற்றியில் பழைய எண், புதிய எண் என்று ஸ்டிக்கர் ஒட்டுவார். 192.168.1.45 இனி 10.20.1.45. கடைசி எண்ணில் மட்டும் கை வைக்கமாட்டார். அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு அவரிடம் வேறு பெயர் இல்லை.