நமக்குள்ள என்ன மாமி?

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் ஒரே சம்பளத்தில் குடித்தனம் நடப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வீட்டுப் பரண்மேல் ஏறிப் பாருங்கள். நவராத்திரிக்கு ரிட்டர்ன் கிஃப்டாக விற்பதற்குப் பாரிமுனையிலிருந்து மொத்தமாக வாங்கிவந்த குங்குமச் சிமிழ் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கும். கட்டிலுக்கு அடியில் புடவை மூட்டை. பால்கனிக் கம்பியில், 'இவ்விடம் புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துத் தரப்படும்' என்று ஒரு அட்டை. அந்த வீட்டு மனிதரைக் கேட்டால், "சும்மா பொழுது போகறதுக்கு" என்பார். பொழுது எப்படிப் போகிறதோ, பால்காரர் பாக்கி அதில்தான் தீர்கிறது.

இது இந்தக் காலத்து வழக்கமும் இல்லை. காந்தி 1918ல் தொடங்கிவைத்த தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் தலைமையகம் தி.நகரில் இருக்கிறது. நாட்டு ஒற்றுமைக்கு அது செய்த சேவை ஒருபுறம் இருக்கட்டும். நம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களின் பட்ஜெட்டுக்கு அது செய்த சேவையை யாரும் எழுதிவைக்கவில்லை. பிரவீண் வரை பாஸ் செய்த மாமி கூடத்தில் ஒரு பாயை விரித்தால் போதும், பிராத்மிக் வகுப்பு ஆரம்பம். நான் சிறுவனாக உட்கார்ந்த பாயில், 'ஹை'க்கும் 'ஹைங்'குக்கும் நடுவே குக்கர் விசில் வரும். மாமி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா தன் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "இவனும் ஓரமா உக்காரட்டும் மாமி, நமக்குள்ள என்ன?" என்றார். பையன் உட்கார்ந்தான். விசாரத் வரை அந்த ஓரத்திலேயே இலவசமாக உட்கார்ந்திருந்தான்.

சைடு பிசினஸைக் கவிழ்ப்பது போட்டி என்பார்கள், விலைவாசி என்பார்கள், மழை என்பார்கள். அதெல்லாம் சில்லறை எதிரிகள். பெரிய எதிரி, 'நமக்குள்ள என்ன'தான்.

எங்கள் வீட்டில் வடாம். பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் என் மனைவி மொட்டை மாடியைக் கைப்பற்றிவிடுவாள். முதல் நாள் ராத்திரியே பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் தயார். விடிவதற்கு முன் உருளியில் கூழ் கொதிக்கும். கரண்டி திரும்ப மறுக்கும் வரை கிளற வேண்டும், அது அவள் வேலை. மறுத்த பிறகும் கிளற வேண்டும், அது என் வேலை. பச்சைமிளகாய் விழுது, பெருங்காயம், உப்பு, இறக்கும்போது எலுமிச்சம்பழம். ஆறரை மணிக்குள் என் பழைய வேஷ்டி மாடியில் விரிந்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிழிகிறவர் வடாமுக்கு முன்னால் காய்ந்துவிடுவார். பிழிந்து முடித்ததும் நாலு மூலையிலும் செங்கல், நடுவில் காக்காய்க்காக ஒரு கறுப்புக் குடை, குடைக்குப் பக்கத்தில் சம்பளமில்லாத காவலாளியாக நான்.

காக்காய் ஒரு பிரச்சினையே இல்லை. குடையைப் பார்த்தால் ஒதுங்கிவிடும். சாயங்காலம் மாடிக்குக் காற்று வாங்க வருகிறவர்களுக்குத்தான் எந்தக் குடையும் பயன்படாது. ஓரம் மொறமொறவென்றும் நடு மெத்தென்றும் இருக்கிற பாதி காய்ந்த வடாம் இருக்கிறதே, அதன் ருசி பொரித்த வடாமுக்கு வராது. இது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ரகசியம். "உப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்று ஒன்று போகும். "காரம்?" என்று இன்னொன்று. உப்பும் காரமும் புளிப்பும் தனித்தனியாகச் சரிபார்க்கப்பட்டபின், "பேரனுக்கு நாலு எடுத்துக்கறேன், நமக்குள்ள என்ன?" என்று முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குவார்கள்.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்கினபோது கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். 12 லட்சம் வரை விற்றுவரவு உள்ள சிறு வியாபாரிக்கு அந்தப் பதிவே போதும் என்றார்கள். எங்கள் மாடியிலிருந்து அந்த 12 லட்சத்தைத் தொட எத்தனை பங்குனி ஆகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். என் ஜாதகத்தில் அவ்வளவு ஆயுசு இல்லை.

தி.நகரில் பனகல் பார்க் பக்கம் இருக்கிற என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டிலேயே புடவை விற்கிறாள். 1928லிருந்து நல்லி இருக்கிற ஊரில், மாடி மாடியாகப் பட்டுப்புடவை அடுக்கியிருக்கிற தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் புடவைக்கடை என்பது திருப்பதி மலைமேல் தனியாக லட்டு பிடித்து விற்பது போலத்தான். ஆனால் விற்கிறது. கோடவுன் தெருவிலிருந்தும் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையிலிருந்தும் சரக்கு வருகிறது. வாட்ஸப்பில் படம் போகிறது. ஒரு மணி நேரத்தில் "இந்த மாம்பழக் கலர் எனக்கு" என்று மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். பெரிய கடையில் பில் போடும்போதே பணம் கேட்பார்கள். இவள், "மெதுவா குடுங்கோ" என்பாள். அதுதான் அவள் வியாபாரத்தின் பலம். அவர்களும் மெதுவாகத்தான் கொடுக்கிறார்கள். சில புடவைகள் சாயம் போய், ஜரிகை போய், சமையலறைக் கைப்பிடித் துணியான பிறகும் அவற்றின் மூன்றாவது தவணை வந்து சேரவில்லை. போன தை மாசம் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகூர்த்த நேரத்தில் எல்லோரும் தாலியைப் பார்த்து அட்சதை போட, இவள் மட்டும் கூட்டத்தைப் பார்த்து விரல் விட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி எண்ணறே?" என்றேன். "பாக்கிப் புடவை எல்லாம் ஒரே மண்டபத்துல வந்திருக்கு அண்ணா" என்றாள்.

ஆண்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஜூலை மாசம் வருமான வரிப் படிவங்களோடு ஃப்ளாட்டே என் வீட்டுக்கு வரும். கூலி, ஒரு டம்ளர் காபி. அதுவும் என் வீட்டுக் காபி.

பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டை எடுத்துக்கொள்ளுங்கள். "உன் கமிஷன்ல பாதி எனக்கு விட்டுக்குடேன், நமக்குள்ள என்ன?" என்று மைத்துனர் கேட்டால் அவர் கூச்சமே இல்லாமல் சட்டம் பேசலாம். 1938ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41வது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். உலகத்திலேயே 'நமக்குள்ள என்ன'வுக்கு எதிராகப் போடப்பட்ட சட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை எழுதினவருக்கு மயிலாப்பூரில் சம்பந்தி இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது போஸ்ட் ஆபீஸ் மாமி. பெண்களை ஏஜென்டாக வைத்து வீட்டுக்கு வீடு ஆர்.டி. சேர்க்கும் திட்டம் 1972ல் வந்தது. மாசம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். வசூலில் மாமிக்கு 4 சதவீதம் கமிஷன். 2011ல் மற்றச் சிறுசேமிப்பு ஏஜென்டுகளின் கமிஷனை அரசாங்கம் ஒன்றிலிருந்து அரை சதவீதமாக வெட்டியது, பி.பி.எஃப்.பில் அடியோடு எடுத்துவிட்டது. மாமிகளின் 4 சதவீதத்தைத் தொடவில்லை. தொட்டுவிட்டு மாமிகள் முகத்தில் விழிக்க யாருக்குத் தைரியம்? கமிஷன் தருவது அரசாங்கம் என்பதால் தெருவில் யாரும் அதில் பங்கு கேட்க முடியாது. ஆனாலும் எங்கள் எதிர்வீட்டு அம்மாள் விடவில்லை. "இந்த மாசத்தை நீங்களே கட்டிடுங்கோளேன் மாமி, நமக்குள்ள என்ன?" என்றாள். மாமி பாஸ்புக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நமக்குள்ள ஒண்ணுமில்லை. உங்களுக்கும் போஸ்ட் மாஸ்டருக்கும் நடுவுலதான் எல்லாம்."

கெட்டிக்காரி என்றால் அடையாறு காந்தி நகர் பாட்டு டீச்சர்தான். காலை ஐந்தரைக்கு இங்கே கோலம் போடும் நேரம். நியூஜெர்சியில் ராத்திரி எட்டு மணி. கணினித் திரையில் ஒரு குழந்தை சாப்பிட்ட கையோடு வந்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடும். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் இங்கே வகுப்பு ஆறரைக்கு நகரும், வேலைக்காரம்மாவின் நேரமும் கூடவே நகரும். கிளீவ்லாந்தில் 1978லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அங்கே போட்டியில் பாட வேண்டும் என்பதற்காகவே வர்ணத்தை வேகமாக முடிக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. குரல் கடல் தாண்டி வருவதற்குள் தாளம் பிசகிவிடுவதால் சேர்ந்து பாட முடியாது. டீச்சர் பாடி நிறுத்த, குழந்தை திருப்பிப் பாடும். சங்கீதத்துக்கு இது கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் சம்பளம் டாலரில், மாசம் பிறக்கும் முன்பே வந்துவிடும்.

அதே டீச்சரிடம் மேல்மாடிப் பெண்ணும் கற்றுக்கொண்டிருந்தாள். "மாடிலேர்ந்துதானே இறங்கி வரா, நமக்குள்ள என்ன?" என்று ஆறு மாசம் சம்பளம் வரவில்லை. டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நேர்ல வேண்டாம், ஜூம்ல வரட்டும்" என்று லிங்க்கையும் ஜிபே நம்பரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். மறுநாளே பணம் வந்தது. இப்போது குழந்தை மாடியில் பாடுகிறாள், டீச்சர் கீழே கேட்கிறார், ஜன்னல் வழியாகவும் கம்ப்யூட்டர் வழியாகவும் இரண்டு தடவை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பங்குனிக்கு மாடிக் கதவில் ஒரு அட்டை எழுதி மாட்டியிருக்கிறோம். காற்று வாங்க வருகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்: பாதி காய்ந்த வடாம் ஆளுக்கு இரண்டு வரை இலவசம். மூன்றாவதிலிருந்து காசு. 'நமக்குள்ள என்ன' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.