அம்மிணிக்கு ஒரு பியட்

"எனக்கெதுக்குங்க காரு? எல்லாம் அம்மிணிக்குத்தானுங்க."

கோவையில் எங்கள் வீதியில் குடியிருக்கும் அண்ணன் இதைச் சொல்லும்போது கை முழங்கை வரைக்கும் கிரீஸாக இருக்கும். முகம் மட்டும் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர் முகம். பழைய காரைச் சரிசெய்து பெண்டாட்டிக்குப் பரிசு கொடுக்கக் கிளம்பிய ஆண்கள் நாலு பேரை எனக்குத் தெரியும். நாலு பேருக்கும் இதே முகம்தான்.

எல்லாம் அந்தம்மாள் என்றைக்கோ சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கும். "சின்னப் பிள்ளைல எங்கப்பா பியட் வெச்சிருந்தாருங்க. முன்னாடி முக்கோணக் கண்ணாடிய லேசாத் திருப்பிவிட்டா மூஞ்சில சிலுசிலுன்னு காத்தடிக்கும்" என்று கல்யாணமான புதிதில் அண்ணன் வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது காற்றை. இவர் காதில் விழுந்தது பியட்டு. இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கோழி அடைந்துகொண்டிருந்த 1973ஆம் வருஷத்து வண்டி லாரியில் வந்து இறங்கியது. பின் சீட்டில் இரண்டு முட்டையும் கூடவே வந்ததாகக் கேள்வி.

அன்றிலிருந்து அவரிடம் பேசவே ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. "பத்மினிங்களா?" என்று கேட்டுவிடக் கூடாது. "பத்மினிங்கற பேரு 1974லதானுங்க வந்துச்சு. இது பிரசிடென்ட்" என்பார். "வின்டேஜுங்களா?" என்றாலும் வம்பு. கறாராகப் பார்த்தால் 1919இலிருந்து 1930க்குள் செய்ததுதான் வின்டேஜ், இது கிளாசிக் என்று தொடங்கி, குர்லா தொழிற்சாலை, 1089 சிசி இஞ்சின், ஸ்டியரிங்கோடு சேர்ந்த கை கியர் என்று போய் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சும்மா "பழைய கார்" என்று சொன்னவருக்கு அன்றைக்குக் காபி கிடையாது.

வண்டியைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பூட்ட இரண்டரை வருஷம். அதுவரைக்கும் கார் வீட்டுக்குள் பரவிக் கிடந்தது. மாடியில் வடகம் பிழிந்த வேட்டியின் ஓரத்திலேயே முலாம் பூசிய ஹெட்லைட் வளையங்களும் வெயில் காய்ந்தன. கார்பரேட்டர், அக்காவின் பழைய இட்லிச் சட்டியில் பெட்ரோலில் ஊறியது. ஜெட்டின் மயிரளவுத் துளையில் அடைப்பெடுக்க ஒருநாள் அவருடைய காதுத் தோட்டையே கேட்டிருக்கிறார். "உனக்குப் பண்ற வேலைதான அம்மிணி?" என்பது அவர் வாதம். செலவை எழுத ஒரு நோட்டும் போட்டார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கிறது. நாலாம் பக்கத்துக்கு மேல் எழுதத் துணியவில்லை.

மிஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. திருப்புளியின் நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "டேப்பெட் பேசுது தம்பி" என்று அவர் சொன்னதும், அண்ணன் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள். வீட்டில் அக்கா பேசியபோது அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

எந்தச் சாமானைக் காட்டினாலும் அதேபோல் லேத்தில் கடைந்து தரக் கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் அண்ணனுக்கு ஒரிஜினல் வேண்டும். மச்சினிச்சி கல்யாணத்துக்குச் சென்னை போனவர், தாலி கட்டும் நேரத்தில் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலுக்குள் குனிந்திருந்தார். அந்த முக்கோணக் கண்ணாடிக்குக் கொண்டி தேடினாராம். கிடைத்தும் விட்டது. மாமனார் இன்னும் பேசவில்லை.

இருபத்தேழாவது கல்யாண நாளில் பரிசளிப்பு. ரோஜா மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் உண்டு. சாவியை அக்கா கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார். "சோக் இழுக்கறதுக்கு ஒரு பதம் இருக்கு அம்மிணி." அக்கா பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முக்கோணக் கண்ணாடியில் கை வைத்தார்.

"அதத் தெறக்காத! பீடிங் ஒரிஜினலு!"

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். அண்ணன் நினைத்திருந்தால் எல்லோரையும்போல ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கலாம். ஐம்பது வருஷம் தாண்டி, அசல் உருக் குலையாமல் இருக்கும் சொந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம் என 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. இத்தனை நாள் 1930 கணக்குச் சொன்னவர், அரசாங்கமே அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறது என்றதும் வேண்டாம் என்பாரா? பத்து வருஷத்துக்குச் செல்லும் சான்றிதழை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். விதியை முழுசாகப் படித்தது அக்காதான்.

"ஏனுங்க, தெனப்படி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்குதே. அப்பறம் நா இதுல உழவர் சந்தைக்குப் போக முடியாதுங்களா?"

"கண்காட்சிக்குப் போலாம், ராலிக்குப் போலாம்." அண்ணன் குரல் இறங்கியது. "ரிப்பேருக்குப் போலாம். பெட்ரோல் போடப் போலாம்."

இப்போது வாரத்தில் நாலு நாள் காலையில் அந்த வண்டி பெட்ரோல் போடப் போகிறது. உழவர் சந்தையை ஒட்டின பங்க் அது. போன வாரம் நானும் அங்கே நின்றிருந்தேன். அக்கா மடியில் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் எட்டிப் பார்க்கும் பை. முக்கோணக் கண்ணாடி நன்றாகத் திருப்பிவிட்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. "டேங்க் ரொப்பிருங்களா?" என்று பங்க் பையன் கேட்க, அக்கா தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"நூறு ரூபாய்க்கு மட்டும் போடு கண்ணு. நாளைக்கும் வரோணுமல்லோ."