உயில் அப்பாரு

அப்பாரு இதுவரை உயில் எழுதியதில்லை. ஆனால் அதைப் பலமுறை மாற்றியிருக்கிறார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால், பாலமலை அடிவாரம் வரைக்கும் வீதிக்கு ஒருவராவது இந்த வகையில் தேறுவார். எழுபத்தைந்தைத் தாண்டிய வயது, வெளுத்த வேட்டி, போய்வர ஒரு டிவிஎஸ் எக்ஸெல், அரைஞாண் கயிற்றில் பீரோச் சாவி. மகன் வீட்டுப் பேரன்களுக்கு அவர் அப்பாரு, மகள் வீட்டுப் பேரன்களுக்கு அப்புச்சி. இரண்டு தரப்புக்கும் மிரட்டல் மட்டும் ஒன்றுதான்: "எழுதிப்போடுவேன், பாத்துக்க."

என்ன எழுதுவார், யாருக்கு எழுதுவார் என்பது அன்றன்றைய சமையலைப் பொறுத்தது. காலைக் காப்பி ஆறியிருந்தால் மேற்காலத் தோட்டத்தில் மூத்த மகனுக்குப் பத்து சென்ட் குறையும். மருமகள் நேற்றைய குழம்பைச் சுடவைத்து ஊற்றினால் ரோட்டுமேல் சைட்டே கைமாறும். காரமடையிலிருந்து சின்ன மகள் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயத்தோடு வந்து இறங்கினால் அந்த சைட் அவளுக்கு. அவள் பஸ் ஏறியதும் மறுபடி அது பொது. பெங்களூரில் இருக்கும் இளையவன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரவில்லை என்றால், "அவனுக்கு ஒரு சென்ட் கெடையாது, எழுதிப்போட்டேன்." அடுத்த ஞாயிறு வந்துவிட்டால் கிணறு, மோட்டார் ரூம், தென்னை எல்லாம் சேர்த்தே கிடைக்கும். பங்குச் சந்தைகூட சனி, ஞாயிறு ஓய்வெடுக்கிறது.

ஒரு காலத்தில் அது சோளம் விதைத்த காடு. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி, அதைச் சுற்றிப் பட்டறைகளும் வீடுகளும் முளைத்தபின் ஏக்கர் என்ற சொல்லையே இங்கே யாரும் எடுப்பதில்லை. எல்லாம் சென்ட் கணக்கு. நாலு முழக் கயிறு விழும் இடத்துக்கும் விலை உண்டு. அப்பாரின் குரலுக்கு இத்தனை கனம் வந்தது நிலம் விலை ஏறியதால்தான். சோளக்காடாகவே இருந்திருந்தால் ஆறின காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர் மிரட்டும் சொத்தில் பாதிக்கு மேல் அவருடையதே அல்ல. மேற்காலத் தோட்டம் அவருடைய பாட்டன் சொத்து. பூர்வீகச் சொத்தில் தன் பங்கு எவ்வளவோ அதற்கு மட்டும்தான் ஒருவர் உயில் எழுத முடியும். மற்றவர்கள் பங்கை எழுதிவைக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. ரோட்டுமேல் சைட் அவர் சம்பாதித்து வாங்கியது, அதை யாருக்கும் கொடுக்கலாம். எந்தப் பத்திரம் எந்த வகை என்று பார்க்கச் சொன்னால் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டா, சிட்டா, பழைய கிரயப் பத்திரம், 1974-ன் கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி, மறுபடி அப்படியே உள்ளே வைத்துப் பூட்டுவார். "எல்லாம் கரெக்டா இருக்குது" என்பார்.

பெண்கள் விஷயத்தில் அவருடைய சட்டம் தனி. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பொறகென்ன பங்கு?" இதற்குச் சட்டம் தவணை தவணையாகப் பதில் சொன்னது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அப்பாரின் பெரிய பெண்ணுக்கு 88 தையில் கல்யாணம், சின்னவளுக்கு 91 ஆவணியில். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் சின்னவள் பங்காளி ஆனாள், பெரியவள் ஒரம்பரையாகவே நின்றாள். அந்தத் தை முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்த ஜோசியரைப் பெரிய மாப்பிள்ளை அதற்கப்புறம் மதித்ததில்லை.

2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணத் தேதி பார்க்கும் அந்தக் கோட்டை அழித்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் நடந்த சண்டையை, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்த குடும்பங்களுக்கு மட்டும் பழைய கணக்கு. அப்பாரு பாகம் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டி மிரட்டுவது?

அவருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் காலையில் பேக்கரிக்குப் போகிறார். கோவைப் பக்கத்துப் பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன்னோடு சட்ட ஆலோசனையும் கிடைக்கும், பின்னதற்குக் காசில்லை. பிரஸ் காலனிப் பக்கம் இருந்து வரும் ரிட்டயர்டு ஆள் ஒருவர், நில புரோக்கர் ஒருவர், பங்காளியோடு வழக்காடியே தலை நரைத்தவர் ஒருவர். உயிலை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால்தான் செல்லும் என்பது முதலாமவர் கட்சி. ரிஜிஸ்டர் பண்ணாத உயில் குப்பை என்பது புரோக்கர் கட்சி. மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வதில்லை. "எதுக்கும் ஒரு கேஸ் போட்டு வையுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முதல் இருவர் சொல்வதும் தப்பு. வெள்ளைத் தாளில் எழுதலாம், ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. பதிவு செய்வது விருப்பம், கட்டாயம் இல்லை. செய்தால் பிற்பாடு நிரூபிக்கச் சுலபம், அவ்வளவுதான். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்த சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. சென்னை நகரத்தில் உள்ள சொத்துக்குப் புரொபேட், புரொபேட் என்று அலைந்ததை வைத்து இங்கேயும் பயமுறுத்துவார்கள். கோயம்புத்தூர்ச் சொத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

"பேங்குல நாமினி போட்டாச்சு, அப்பறம் உயில் எதுக்குங்க?" என்று அப்பாரே ஒருநாள் கேட்டார். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கும் ஆள், சொந்தக்காரர்கள் வாரிசுகள்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். மாற்றி எழுத இன்னும் நாலு இடம் கிடைத்துவிட்டதே! மூத்த மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பதையும் பெரிய ஏற்பாடாகச் சொல்வார். கொடுத்தவர் மூச்சு நின்ற நிமிஷமே அந்தப் பவரும் நின்றுவிடும் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்பாரின் பெரிய ஆதாரம் ஜெயலலிதா. "முதலமைச்சரம்மாளே எழுதி வெக்கல, நானென்ன பெரிய இவனா?" உண்மைதான். 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்தபோது உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசு என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2020 மே மாதம் ஆயிற்று. போயஸ் தோட்ட வீட்டை அரசு கையகப்படுத்தியது செல்லாது என்ற தீர்ப்பு 2021 நவம்பரில். இதையெல்லாம் அடுக்கினால் அப்பாரு நிதானமாகச் சொல்வார்: "பாத்தீங்களா, கடைசில சரியாத்தான போச்சு."

பி.எஸ்.ஜி. கதையும் அவருக்குப் பிடிக்கும். பீளமேட்டு அண்ணன் தம்பிகள் நால்வர் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்தாக வகுத்து ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு விட்டார்கள். ஒரு நூற்றாண்டாக அதில் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிறது. சொல்லும்போது அப்பாருக்குக் குரல் தழுதழுக்கும். "நீங்களும் ஒரு பங்கு விடலாமுங்களே?" என்று கேட்டால் குரல் சட்டென்று சரியாகிவிடும்.

இத்தனை திருத்தங்களிலும் ஒரு பெயர் மட்டும் வந்ததே இல்லை. அப்பத்தாவின் பெயர். உயில் இல்லாமல் ஆண் இறந்தால் மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிசமமாக ஒரு பங்கு, தாய் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சட்டக் கல்லூரிப் பேரன் படித்துக் காட்டினான். அடுத்து அவன் படித்ததில்தான் வினை வந்தது. மகன் முந்திப் போய்விட்டால் மகன் சொத்தில் ஆத்தாளுக்கு முதல் வகுப்புப் பங்கு உண்டு; அப்பன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறார், அதாவது மகனுக்குத் தாயோ பெண்டாட்டி பிள்ளையோ இருக்கும்வரை அவருக்கு ஒன்றுமில்லை. அப்பாரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா படி" என்றார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த அப்பத்தா இருக்கிறாரே, பேரனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தன் பிறந்த வீட்டு நகையையும் போஸ்ட் ஆபீஸ் பணத்தையும் யார் யாருக்கு என்று எழுதி, பக்கத்து வீட்டு நர்ஸம்மாவும் பால் சொசைட்டிக்காரரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அரிசி டிரம் அடியில் வைத்து வருஷம் சில ஆகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுதினவருக்கு மிரட்ட வேண்டிய அவசியம் வருவதில்லை போலும்.

அப்பாருக்கு உயில் என்றாலே பயம். "எழுதுனா ஆயுசு கொறையும்" என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. உயில் எழுதிப் பத்து நாளில் போனவர் பெயரைச் சொல்வார், எழுதி முப்பது வருஷம் வாழ்ந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார். ஆனால் செட்டில்மென்ட் என்றால் பயமில்லை. இதுதான் எனக்கு விளங்காத வேடிக்கை. இவருடைய தோழர்களில் ஒருவர், மகன் "அப்பா, கெவர்ன்மெண்டுல பீஸ் ஏறப்போவுது" என்று அவசரப்படுத்தியதில் ஒரே காலையில் எல்லாவற்றையும் தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்துவிட்டார். பீஸ் ஏறியது நிஜம்: குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை உச்சவரம்பு 25,000-லிருந்து 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 4,000-லிருந்து 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்ந்தது. மிச்சம் பிடித்தது 21,000 ரூபாய். போனது மொத்தச் சொத்து. இப்போது பேக்கரியில் அவருடைய பப்ஸுக்கும் அப்பாருதான் காசு கொடுக்கிறார்.

அவருக்கும் வழி அடைந்துவிடவில்லை. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் சொத்தைக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட பெற்றோர், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். இந்தச் சட்டத்தைப் பெற்றோர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பத்திரத்திலேயே அந்த நிபந்தனையை ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கு இன்னும் லேசு. ஆனால் பெற்ற மகன் மேல் மனுப் போடும் மனசு அந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வரும்? ரெண்டாவது பப்ஸைத்தான் கேட்பார்.

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கை மாறிவிடுகிறது. உயிலோ, எழுதியவர் கண்மூடும்வரை ஒரு சென்ட்கூட யாருக்கும் போவதில்லை. அப்பாரு ஆசைப்படும் அதிகாரமெல்லாம் உயிலில்தான் இருக்கிறது. அதைத்தான் எழுதமாட்டேன் என்கிறார். எழுதாமல் போனால் நடக்கப் போவதும் தெரிந்ததே. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, பிறகு கூட்டுப் பட்டா, பிறகு ஒரு சென்ட் விற்கவும் எல்லோர் கையெழுத்தும். பெங்களூர்க்காரன் லீவு கிடைத்து வரும்போது பெரிய மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வார். கோவை நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குக்கு நம்பர் விழும்.

ஆகவே, உங்கள் வீட்டிலும் ஒரு அப்பாரு இருந்தால், "உயில் எழுதுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் பத்து சென்ட் அன்றைக்கே போய்விடும். எழுதின உயிலை மறுநாளே மாற்றலாம் என்று மட்டும் காதில் போடுங்கள். எத்தனை எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் செல்லும், முந்தியது ரிஜிஸ்டர் ஆகி, பிந்தியது ஆகாவிட்டாலும் அப்படித்தான் என்று சொல்லுங்கள். உறையில் போட்டுச் சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1908-லேயே பதிவுச் சட்டம் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. அன்று மத்தியானமே வண்டியை எடுக்கச் சொல்வார். சாட்சிக்கு மட்டும் பேக்கரித் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போக விடாதீர்கள். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் இருக்க வேண்டும். அப்பாரைவிட முப்பது வயது இளைய இரண்டு பேராகப் பாருங்கள்.