பாவில் விழுந்த முடிச்சு: திரை எழுத்தாளர் வேலைநிறுத்தம் – கேள்வி பதில்

சங்கரன்கோவிலிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பல இம்முறை ஒரே பொருளைத் தொடுவதால், திரைப்பட எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தும்போது பெரிய படங்களின் தரத்துக்கும் வெளியீட்டு நாளுக்கும் என்ன நேர்கிறது என்பதை விளக்கும் பதில்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கேள்வி: தறி நின்றால் அன்றைக்கே துணி நின்றுவிடும். எழுத்தாளரின் பேனா நின்றால் படம் எப்போது நிற்கும்? (விசைத்தறித் தொழிலாளி ஒருவர், சங்கரன்கோவில்)

பதில்: தறியில் நீளவாக்கில் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு என்றும், அதன் குறுக்கே ஓடும் நூல் ஊடை என்றும் சொல்லப்படுவது கேள்வி கேட்டவருக்குத் தெரிந்ததே. திரைப்படத்தில் திரைக்கதை பாவாகவும், நடிப்பும் ஒளிப்பதிவும் இசையும் ஊடையாகவும் அமைகின்றன. எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தால், உறுப்பினர்கள் புதிதாக எழுதுவதோடு, ஏற்கெனவே எழுதியதைத் திருத்துவதையும், ஒரே ஒரு வசனத்தை மாற்றித் தருவதையும்கூட நிறுத்திவிடுகிறார்கள். அன்றன்றைக்கு எழுதப்படும் தொலைக்காட்சி இரவு நிகழ்ச்சிகள் அன்றே நிற்கின்றன, தொடர்கள் சில வாரங்களில் நிற்கின்றன, ஆனால் பெரிய படங்களுக்குப் பாவு முன்பே ஏற்றப்பட்டிருப்பதால் அவை தொடர்ந்து ஓடுகின்றன. ஆகவே, எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின் விளைவைத் திரையரங்கில் காண ஓராண்டோ ஈராண்டோ ஆகும், அதற்குள் போராட்டமே மறந்துபோயிருக்கும்.

கேள்வி: ஹாலிவுட் எழுத்தாளர்களுக்குச் சம்பளம் குறைவா? எதற்காக இத்தனை முறை போராடுகிறார்கள்? (ஆசிரியை ஒருவர், புளியங்குடி)

பதில்: அங்கு நடந்த போராட்டங்களின் மையத்தில் இருப்பது மறுபயன்பாட்டுப் பங்கு என்னும் கருத்து, அதாவது, ஒரு படைப்பு முதல் வெளியீட்டுக்குப் பிறகு வேறொரு வழியில் மீண்டும் காட்டப்பட்டு வருமானம் ஈட்டும்போது, அதை எழுதியவருக்கும் ஒரு பகுதி சேர வேண்டும் என்பது. திரையரங்குப் படங்கள் தொலைக்காட்சிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், 1960ஆம் ஆண்டின் போராட்டம் அந்தப் பங்கை ஒப்பந்தத்தில் இடம்பெறச் செய்தது. 1988இல் ஐந்து மாதங்கள் நீடித்த போராட்டமும், இணையவழிக் காட்சிக்கான பங்கைக் கேட்டு 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நூறு நாள் நடந்த போராட்டமும், 2023 மே 2 முதல் 148 நாள் நடந்த போராட்டமும் அடிப்படையில் இதே கேள்வியின் தொடர்ச்சிகளே. படம் பார்க்கும் பெட்டி மாறும்போதெல்லாம் பழைய ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு புதிய வருமானம் பிறக்கிறது, அதில் எழுதியவருக்கு இடம் உண்டா என்பதை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: போராட்டத்தால் உண்மையிலேயே தரம் குறைந்த பெரிய படம் ஒன்றைக் காட்ட முடியுமா? (வாசகர் ஒருவர், கழுகுமலை)

பதில்: 2008இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும். அதன் திரைக்கதை வடிவம் வேலைநிறுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கைக்கு வந்தது. வழக்கமாக அதற்குப் பிறகு நடக்கும் திருத்தங்களைச் செய்ய எழுத்தாளர் எவரும் இல்லாத நிலையில், 2008 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டரும் தாமும் சேர்ந்து காட்சிகளைப் படப்பிடிப்புத் தளத்திலேயே எழுத நேர்ந்ததாகவும், எழுத்து தமக்குக் கைவந்த தொழில் அல்ல என்றும் நாயகன் டேனியல் கிரெய்க் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். துரத்தல் காட்சிகளுக்கு அந்தப் படத்தில் குறைவில்லை. ஒரு துரத்தலிலிருந்து அடுத்ததற்குப் பார்வையாளரை அழைத்துச் செல்லும் காரணம்தான் மெலிந்திருக்கிறது. அறுந்த பாவுக்கு முடிச்சுப் போட்டு ஓட்டினாலும் துணியைத் தடவிப் பார்ப்பவர் விரலில் அந்த முடிச்சு தட்டுப்படுவதைப் போன்றது அது.

கேள்வி: இயக்குநர் திறமையற்றவராக இருந்திருக்கலாமே! எழுத்து இல்லாததுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? (கல்லூரி மாணவி ஒருவர், சங்கரன்கோவில்)

பதில்: அறிவியல் மாணவர்கள் ஒரு காரணியைச் சோதிக்கும்போது மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்வார்கள் என்பதால், இக்கேள்விக்கு ஒரே எழுத்தாளர்கள் பங்கேற்ற இரண்டு படங்களை ஒப்பிடுவது பொருந்தும். ராபர்ட்டோ ஓர்சி, அலெக்ஸ் கர்ட்ஸ்மேன் என்னும் இருவர் 2009இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையின் இரண்டாம் படம் ஆகிய இரண்டிலும் பணியாற்றினார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ படப்பிடிப்பு வேலைநிறுத்தம் தொடங்கிய மூன்றாம் நாளிலேயே ஆரம்பித்தாலும், திரைக்கதை அதற்கு முன்பே முழுமை பெற்றிருந்தது. எழுத்தாளர் சங்க உறுப்பினருமான இயக்குநர் ஜே. ஜே. ஏப்ரம்ஸால் தளத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த இயலாதபோதிலும் படம் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. மாறாக, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்துக்குப் போராட்டத்துக்கு முன் ஒரு கதைச் சுருக்கம் மட்டுமே தயாராகியிருந்தது; அதை இயக்குநர் மைக்கேல் பே தாமே விரித்துக்கொண்டு முன்னேற்பாடுகளை நடத்தினார், போராட்டம் படத்தைப் பாதித்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் படத்துக்கு ஆண்டின் மிக மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை ஆகியவற்றுக்கான ராஸி விருதுகள் கிடைத்தன. எழுதியவர்களின் திறமை ஒன்றாக இருந்தபோதும், ஒன்றில் எழுத்து முடிந்திருந்தது, மற்றொன்றில் முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் மோசமான படம் தோற்றிருக்கும், முதலாளி பாடம் கற்றிருப்பார், இல்லையா? (மளிகைக் கடைக்காரர் ஒருவர், கரிவலம்வந்தநல்லூர்)

பதில்: கடைக்கணக்கு அறிந்தவர் கேட்கும் நியாயமான கேள்வி இது, ஆனால் நடந்தது வேறு. உலக வசூலில் ‘ஸ்டார் ட்ரெக்’ ஏறத்தாழ 38 கோடி டாலரும், ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ஏறத்தாழ 83 கோடி டாலரும் ஈட்டின. முன் படத்தின் நினைவும் காட்சிப் பிரம்மாண்டமும் முதல் வாரக் கூட்டத்தைத் திரட்டிவிடும் என்பதால், எழுத்தின் குறை உடனடியாகக் கல்லாப்பெட்டியில் தெரிவதில்லை. எழுத்தாளர் ஒப்பந்தமும் சங்கமும் தேவைப்படுவதற்கு இதுவே வலுவான காரணம்: சந்தை தானாகவே நல்ல எழுத்துக்கு விலை கொடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: நாள் தள்ளிப்போனால் படம் ஆறிப்போகாதா? குறித்த நாளில் வருவதுதானே மரியாதை? (வாசகர் ஒருவர், திருவேங்கடம்)

பதில்: சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் கோமதி அம்மனின் ஆடித்தபசுக் காட்சி ஆடி மாத உத்திராட நட்சத்திரத்தில் நடைபெறுகிறது, அந்த நாளை வானம் குறிக்கிறது, மனிதர் அதற்கேற்பத் தயாராகிறார்கள். படத்தின் வெளியீட்டு நாளையோ மனிதர்களே குறிக்கிறார்கள், எனவே மனிதர்களே மாற்றவும் முடியும். டாம் ஹாங்ஸ் நடித்த ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ 2008 டிசம்பரில் வர வேண்டியிருந்தும், திரைக்கதை முடிவடையாததால் 2009 மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எழுத்துக்காக நாளை விட்டுக்கொடுத்த முடிவு அது.

2023இல் எழுத்தாளர்களோடு நடிகர்களும் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததால் இருவேறு வகைத் தாமதங்கள் ஏற்பட்டன என்பதைப் பிரித்தறிய வேண்டும். ‘டியூன்’ இரண்டாம் பாகத்தின் வெளியீடு 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்குப் போனது எழுத்துக் குறையால் அன்று. போராட்டக் காலத்தில் நடிகர்கள் விளம்பர நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளக் கூடாது என்னும் சங்க விதியே அதற்குக் காரணமாயிற்று. ‘மிஷன் இம்பாசிபிள்’ வரிசையின் எட்டாம் படமோ, படப்பிடிப்பே தடைப்பட்டதால், 2024 ஜூனிலிருந்து 2025 மே மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ‘டியூன்’ நான்கு மாதம் தாமதமாக வந்தும் பெருவெற்றி பெற்றதை நோக்கினால், நல்ல படத்துக்காகப் பார்வையாளர் காத்திருக்க ஆயத்தமாகவே இருக்கிறார் என்பது விளங்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் 2018இல் நடந்த வேலைநிறுத்தமும் இதே வகையைச் சேர்ந்ததா? (திரையரங்கில் பணிபுரிந்த ஒருவர், சங்கரன்கோவில்)

பதில்: அது வேறு வகை. படச்சுருள் போய் எண்முறைத் திரையிடல் வந்தபோது, அதற்கான கருவிகளை நிறுவிய நிறுவனங்கள் தயாரிப்பாளரிடம் திரைவாரியாக வசூலித்த தொகை ‘வி.பி.எஃப்.’ எனப்பட்டது. அந்தக் கட்டணத்தை எதிர்த்து, விஷால் தலைமையிலான தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் 1 முதல் புதிய படங்களின் வெளியீட்டையும், மார்ச் 16 முதல் படப்பிடிப்புகளையும் நிறுத்தியது. அப்போதைய செய்தித் துறை அமைச்சரும், சங்கரன்கோவிலுக்கு அண்டைத் தொகுதியான கோவில்பட்டியின் சட்டமன்ற உறுப்பினருமாகிய கடம்பூர் ராஜூ முன்னிலையில் ஏப்ரல் 17 அன்று உடன்பாடு ஏற்பட்டது.

இதில் நின்றவை கேமராவும் திரையுமே. வீட்டில் ஒருவர் அமர்ந்து எழுதுவதை அது நிறுத்தவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பை தாராவிக்குக் குடிபெயர்ந்த மக்களைப் பற்றிய ‘காலா’ ஏப்ரல் 27இலிருந்து ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. காலியான அந்த வெள்ளிக்கிழமையில் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ வந்து சேர்ந்தது. ஆனால், அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் ‘பரியேறும் பெருமாள்’, ‘96’, ‘ராட்சசன்’, ‘வடசென்னை’ ஆகிய படங்கள் வெளிவந்தன. கேமராவை நிறுத்தும் போராட்டம் நாளைத் தின்கிறது, பேனாவை நிறுத்தும் போராட்டம் காட்சியைத் தின்கிறது என்னும் வேறுபாட்டுக்கு 2018ஆம் ஆண்டு தமிழில் கிடைத்த சான்றாகும்.

கேள்வி: தமிழ் எழுத்தாளர்கள் ஏன் ஹாலிவுட் எழுத்தாளர்களைப் போலப் போராடுவதில்லை? (உதவி இயக்குநராக விரும்பும் இளைஞர் ஒருவர், வாசுதேவநல்லூர்)

பதில்: ஒரு காலத்தில் இளங்கோவனும் மு. கருணாநிதியும் வசனத்துக்காகவே சுவரொட்டியில் பெயர் பெற்றார்கள். தேவர் பிலிம்ஸ் போன்ற நிறுவனங்களில் பலர் கூடிக் கதை பேசும் ‘கதை இலாகா’ என்னும் பிரிவே இயங்கியது. பின்னர் ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று நான்கையும் ஒருவரே தாங்கும் வழக்கம் வலுப்பெற்றதும், எழுத்து என்பது இயக்குநர் ஊதியத்துக்குள் அடங்கிய ஒன்றாகி, தனிக் கூலி இல்லாத உழைப்பாகச் சுருங்கியது. தனியே கூலி பேசப்படாத வேலையைத் தனியே நிறுத்தவும் இயலாது. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் கதைகளைப் பதிவுசெய்வதும், கதை உரிமைத் தகராறுகளில் தலையிடுவதும் மதிப்புள்ள பணிகளே. எனினும் அவை எழுதி முடித்த கதைக்கான காவல்தான். எழுதும் மாதங்களுக்கான ஊதியம் அதனினும் முன்னே நிற்கும் தேவை.

சட்டத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் குரல்கொடுத்த 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் எழுத்தும் இசையும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது, அவற்றைப் படைத்தவர் சமபங்கு உரிமைத்தொகை பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று வகுத்தது. 1960இல் அமெரிக்க எழுத்தாளர்கள் தெருவில் நின்று பெற்றதற்கு நெருங்கிய ஒன்றை இங்கே சட்டம் ஏட்டில் தந்திருக்கிறது. அதைக் கைக்கு வரும் தொகையாக்கும் வேலை ஒன்றுபட்ட எழுத்தாளர்களுக்கு உரியது.

கேள்வி: இனிமேல் செயற்கை நுண்ணறிவே கதை எழுதிவிட்டால் வேலைநிறுத்தமும் தேவையில்லை, தாமதமும் இல்லை அல்லவா? (கணினி மையம் நடத்துபவர், சங்கரன்கோவில்)

பதில்: 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதற்கு ஒரு தெளிவான வரம்பை இட்டது: செயற்கை நுண்ணறிவு எழுத்தாளராகக் கருதப்படாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதனால் உருவான எழுத்தை ஒருவரிடம் திருத்தக் கொடுத்தால், அவ்வுண்மையை நிறுவனம் தெரிவிக்க வேண்டும். வேகம் கிடைத்தாலும், ஒரு காட்சி ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுப் பதில் சொல்லும் பொறுப்பு மனிதருக்கே உரியது, அந்தப் பொறுப்புக்கே ஊதியம் கேட்கப்படுகிறது.

கேள்வி: வசனமே இல்லாத படம் எடுத்தால் எழுத்தாளர் வேண்டாமே? (பள்ளி மாணவர் ஒருவர், குருவிகுளம்)

பதில்: 2018 வேலைநிறுத்தம் முடிந்து, ஏப்ரல் 20 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் முதலில் வெளியான புதிய படம், கார்த்திக் சுப்புராஜ் எழுதி இயக்கிய ‘மெர்க்குரி’; அதில் எவரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் அஞ்சுகிறார், பார்வையாளர் அடுத்து நிகழப்போவதை எதிர்நோக்குகிறார் என்னும் வரிசை முழுவதும் ஒருவர் மனத்திலும் தாளிலும் முன்பே எழுதப்பட்டது. பேச்சு கேட்காத படத்தில் எழுத்து இல்லை என்று எண்ணுவது, நெய்து முடித்த சேலையில் பூ வேலைப்பாடு மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் அதைத் தாங்கும் பாவே இல்லை என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். நெசவாளர் ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பாவு எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களே காட்டித் தருவார்கள்.