மாடிப்படியும் டேலியும்

கேள்வி: ஹாலில் ஒரு கணினி, மாடியில் ஒன்று. கடைக் கணக்கை பென் டிரைவில் சுமந்து ஏறி இறங்குகிறேன். டேலி கணக்கு மென்பொருளை இரண்டிலும் சேர்த்துப் பார்க்க வழி உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முழங்காலுக்கு நல்ல பயிற்சிதான்; கணக்குக்குத்தான் ஆபத்து. என்றாவது நேற்றைய பிரதியை இன்றையதன் மேல் ஒட்டிவிடுவீர்கள், அன்றைய பில் அத்தனையும் போச்சு! ஹால் கணினியின் டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். படிக்க மட்டுமல்ல, எழுதவும் அனுமதி வேண்டும். மாடி டேலியில் டேட்டா பாத்தாக அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். இரண்டிலும் ஒரே வெர்ஷன் இருக்கட்டும். ஹால் கணினியின் ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள்; அது கண்ணயர்ந்தால் மாடியில் கம்பெனியே காணாமல் போகும். இன்னொன்று, சில்வர் லைசென்ஸ் ஒரு கணினிக்குத்தான். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு போட கோல்டு வேண்டும். ஆமாம், இங்கேயும் தங்கம்தான் கேட்கிறார்கள்.