நாலு மணி டீயும் நாற்பது கிலோமீட்டரும்

மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் கிளாம்பாக்கத்தில் தெற்கே போகிற பஸ் எதில் ஏறினாலும், நாலு மணிக்கு நீங்கள் இருக்கப்போவது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில்தான். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் எல்லாம் தூக்கத்தில் போய்விடும். ஜன்னல் கம்பியில் தலை இடித்து விழிக்கும்போது திண்டிவனம் மேம்பாலம் தெரியும். நாக்கு டீ கேட்கும். இந்த நாற்பது கிலோமீட்டரில் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்பதுதான் தென் தமிழ்நாட்டுப் பயணியின் தலையாய பிரச்சினை. என் மனைவியின் ஊர் விழுப்புரம் என்பதால் இந்த ஆராய்ச்சியில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

இங்கிலாந்தில் இந்த நாலு மணிப் பசிக்கு ஒரு சீமாட்டியின் பேரைச் சொல்வார்கள். 1840 வாக்கில் பெட்போர்டு சீமாட்டி அன்னா மரியாவுக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிறுகிறுப்பு வந்ததாம். டீயும் ரொட்டியும் அறைக்கே வரவழைத்தாராம். அதுவே பிறகு நாகரிகமாகிவிட்டது. நம் ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தினமும் நாலு மணிக்கு அதே கிறுகிறுப்புதான் வருகிறது. அவர்கள் பேரை யாரும் புத்தகத்தில் போடவில்லை.

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், ஊரிலிருந்து போன அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக டீ குடிக்கக் கூட்டிப்போனான். அங்கே டீயோடு ஸ்கோன் என்று ஒரு பன் வரும். டெவன்காரர்கள் அதில் முதலில் கிரீமைத் தடவி, மேலே ஜாம் வைப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் கார்ன்வாலில் முதலில் ஜாம், பிறகுதான் கிரீம். மாற்றித் தடவினால் முகத்தைச் சுளிப்பார்களாம். சித்தி இரண்டு ஊரிலும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாள்: “இதுக்குத் தொட்டுக்க சட்னி தர மாட்டாங்களாடா?”

நம் பக்கத்துக்கு வருவோம். ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே பறக்கும் வண்டிகளுக்கு டீ என்றால் மோட்டல்தான். விக்கிரவாண்டி சுற்றுவட்டாரத்தில் வண்டி இடது பக்கம் ஒதுங்கும்போதே ஒரு பையன் ஓடிவந்து பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டுவான். “வண்டி பத்து நிமிஷம் நிக்கும்! டீ, காபி, டிபன் சாப்புடறவங்க எறங்கி சாப்ட்டுக்கலாம்! வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!” தூங்குகிற குழந்தை எழுந்து அழும். டீ வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டவரும் இறங்கிவிடுவார்.

இந்தப் பத்து நிமிஷம் கடிகாரத்துப் பத்து நிமிஷம் இல்லை. டிரைவரும் கண்டக்டரும் திரை போட்ட உள்ளறைக்குள் போய், சாப்பிட்டு, பல் குத்திக்கொண்டே வெளியே வரும் வரைக்கும் உள்ள காலம். அந்தத் திரைக்குப் பின்னால் போகிற தட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஆம்லெட்டிலிருந்து ஆவி பறந்தது. டீயில் நுரை நின்றது. எனக்கு வந்த பேப்பர் கப்பில் நுரையும் இல்லை, ஆவியும் இல்லை; சர்க்கரை மட்டும் தாராளம். விலையைக் கேட்டபோதுதான் முழுசாகத் தூக்கம் தெளிந்தது. 1930களில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் வண்டி கட்டி, ஊர் ஊராகப் போய், இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்து நம்மைப் பழக்கினார்கள். அந்தப் பழைய பாக்கியை இப்போது வட்டியோடு வசூல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

விழுப்புரத்து மாமா இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். மனைவிக்குத் தாய்மாமன், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். டீ விஷயத்தில் அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். “டீக்கடைக்குப் பேர் இருந்தா யோசிக்கணும் மாப்ளே. ஏசி இருந்தா யோசிக்கவே வேணாம், நடந்துகிட்டே இருக்கணும்.” மாஸ்டருக்கு வேர்த்திருக்க வேண்டும். வடிகட்டுகிற துணிப்பை கறுத்திருக்க வேண்டும். பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் மட்டும் கறுத்திருக்கக் கூடாது. ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1946இல் டீ போடுவதற்குப் பதினோரு விதிகள் எழுதினார். சர்க்கரையே கூடாது என்றார். அவர் பிறந்தது நம் பீகாரில்தான் என்று மாமாவிடம் சொன்னேன். “பீகார்ல பொறந்துட்டு சக்கரை வேணாம்னாரா? டாக்டர் சொல்லியிருப்பாரு” என்றார்.

மாமாவின் விதிகளுக்குக் கட்டுப்பட்ட கடைகள் திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே உண்டு. புதுச்சேரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று சாலை பிரிகிற இடம். அவரவர் பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டம் எந்நேரமும் இருக்கும். அங்கே ஒரு மாஸ்டர் டீ போடுவதைப் பார்ப்பதற்காகவே நான் அடுத்த பஸ்ஸை விட்டிருக்கிறேன். கிளாஸை வெந்நீரில் ஒரு சுழற்று. சர்க்கரை ஒரு ஸ்பூன், ‘கம்மி’ என்றால் அரை. பால் சட்டியில் ஆடையை ஒதுக்கிவிட்டு முக்கால் கிளாஸ் பால். பையைத் தூக்கி டிகாக்‌ஷனை ஒரு இழுப்பு. பிறகு வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே. நடுவில் ஒரு முழத்துக்கு மேல் டீ அந்தரத்தில் நிற்கும். கண் மட்டும் கிளாஸில் இருக்காது. காசு கொடுக்காமல் நகரப் பார்க்கிற ஆளின் மேல் இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது. ஸ்ட்ராங் கேட்டவருக்குக் கடைசியில் நுரைக்கு மேல் இன்னும் கொஞ்சம் டிகாக்‌ஷன் ஊற்றுவார். அது நுரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

தொட்டுக்கொள்ள ஸ்கோன் இல்லை, மல்லாட்டை இருக்கிறது. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேர். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடு முழுக்க விவசாயிகளுக்குத் தெரிந்த டி.எம்.வி. ரகக் கடலை அங்கே உருவானது, டி.எம்.வி. என்றாலே திண்டிவனம்தான். அவித்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, சூடான டீயை ஒரு வாய் உறிஞ்சினால், அன்னா மரியாவே மேம்பாலத்துக்குக் கீழே பெஞ்சில் இடம் கேட்பார்.

காபிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வழி நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகைகள். பித்தளை டபரா, பித்தளை டம்ளர். கும்பகோணத்துச் சாலை விக்கிரவாண்டியில்தான் பிரிகிறது. அதற்கு முன்னால் செங்கல்பட்டிலேயே அந்தப் பலகையைப் பார்க்கலாம். பிரிந்த பிறகு, கும்பகோணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகிற சாலையிலும் பார்க்கலாம். டபரா பளபளப்பாகத்தான் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் விலை.

ரயிலில் வந்தால் கதையே வேறு. மதியம் எழும்பூரில் கிளம்புகிற வைகை எக்ஸ்பிரஸ் நாலு மணி வாக்கில் விழுப்புரம் வந்துவிடும்; ரயில்வேக்காரர்களுக்கு டீ நேரம் தெரியும் என்று மாமா இதைப் பெருமையாகச் சொல்வார். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற சந்திப்பு. ஐந்து திசைக்காரர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்குவார்கள். பிளாட்பாரத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் டீயில் சூடு உண்டு, வேறெதுவும் சொல்வதற்கில்லை. வண்டியைப் பிடிக்கிற அவசரம் இல்லாதவர்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வரவேண்டும். வாழைக்காயை மெல்லிசாகச் சீவி, மாவில் முக்கி, அப்போதுதான் முதல் ஈடு எடுத்திருப்பார்கள். மாமா பஜ்ஜியைத் தினத்தந்தித் துண்டில் வைத்து அழுத்துவார். செய்தி எண்ணெயில் ஊறும். “படிச்சாச்சு, சாப்புடுங்க” என்பார்.

ஆகவே, அந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டலில் வண்டி நின்றால் இறங்குங்கள், காலை நீட்டுங்கள், முகம் கழுவுங்கள். டீயை மட்டும் திண்டிவனத்தில் பாலத்துக்குக் கீழேயோ, விழுப்புரம் ஸ்டேஷன் வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.